நாற்பதில் கேட்ட காது

காலை ஒன்பது பத்து. நாற்காலி ஆறு, ஆள் இரண்டு. பேசிக்கொண்டிருந்தவர் பெயர் அம்சவல்லி.

இடம், ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் மாடியில் இருக்கும் ஒரு காது பரிசோதனை மையம். அம்சவல்லிக்குப் பிள்ளைப்பாக்கம். அவர் கணவர் பாண்டுரங்கன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் ஆள். அவரைச் சற்று முன்தான் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே என்பது, ஹாலின் ஒரு மூலையை ஒட்டுப்பலகையால் அடைத்து உண்டாக்கிய சின்ன அறை. அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அம்சவல்லி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில், மடியில் தூங்கும் குழந்தையோடு ஓர் இளம்பெண். இருவர் தலைக்கும் மேலே 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை.

"...அதே மனுஷன்மா. அதே காது. போன வருஷம் ஃபிட்டு, இந்த வருஷம் அன்ஃபிட்டு. நடுவுல காது தேஞ்சா பூட்ச்சி? இல்ல. நம்பரை மாத்திட்டானுங்க! அவ்ளோதான். போன வருஷம் வரைக்கும் நாப்பது. இந்த வருஷம் இருவத்தஞ்சு. எங்க வூட்டுக்காரருக்கு எத்தினி வந்துச்சு தெரியுமா? முப்பத்தாறு. போன வருஷமும் முப்பத்தாறு, இந்த வருஷமும் முப்பத்தாறு. நாப்பதுன்னு வெச்சா அவருக்குக் காது கேக்குது. இருவத்தஞ்சுன்னு வெச்சா கேக்கல. மனுஷன் அப்டியே குந்திகினு கீறாரு, கோட்டை மட்டும் இப்டி அப்டி இழுத்துகினே கீறானுங்க.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா? தெர்லன்னா நான் சொல்றேன். காதுல ஹெட்போனை மாட்டி வுட்ருவாங்க. கீ...ன்னு ஒரு சத்தம் வரும். மொதல்ல பெருசா வரும், அப்பால சின்னதா, அப்பால இன்னும் சின்னதா. கேட்டா கையில கீற பட்டனை அமுக்கணும். எம்மாம் சின்ன சத்தம் வரைக்கும் உனக்குக் கேக்குதோ, அதான் உன் நம்பரு. நம்பரு கொறச்சலா இருந்தா நல்ல காது. முன்னாடி, நாப்பது அளவு சத்தம் கேட்டா போதும், போய்யா வேலைய பாருன்னு அனுப்பிருவாங்க. இப்ப இருவத்தஞ்சே கேக்கணுமாம். இருவத்தஞ்சுன்னா இன்னா? பக்கத்து ரூம்ல பூனை நடந்தா கேக்கணும்! எங்காளு பூனை மேலேயே நடந்தாலும் தெரியாது, அது வேற விஷயம்.

"தோ... அந்தக் கண்ணாடி வழியா பாரு. டெஸ்ட்டு எடுக்கற ஹேமந்த் சார் மேசை மேல ஒரு மிஷின் கீதுல்ல, அதுல சின்னதா செவப்பு லைட்டு? உள்ள எங்காளு பட்டனை அமுக்கினா அது எரியும். எரிஞ்சிச்சா! பாத்தியா, எரிஞ்சிச்சு! கேக்குது அவருக்கு. நல்லாத்தான் கேக்குது.

"இன்னா? ஆங்... பாப்பா தூங்குதா. தூங்கட்டும் தூங்கட்டும். நான் மெதுவாத்தான் பேசறேன். இந்த செவுரு ஜில்லுனு கீது, நீயும் சாஞ்சிக்கயேன். வேணாமா? சரி.

"தப்பா நெனச்சிக்காத கண்ணு, நான் இப்டி யாருகிட்டயும் வாயாடற ஆளு கெடையாது. நேத்து சாய்ங்காலம் அஞ்சு மணிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல நானு. ஒரு வார்த்தை! வயித்துக்குள்ள எல்லாம் அப்டியே குந்திகினு கீது. எதுக்குன்றியா? அதுவும் இந்த டெஸ்ட்டுக்குதான். டெஸ்ட்டுக்கு முன்னாடி பதினாறு மணி நேரம் காதுக்கு ரெஸ்ட்டு குடுக்கணுமாம். சத்தமே கூடாதாம். பிரஸ் ஷாப்ல எண்ணூறு டன் பிரஸ்ஸு கீது, டம்மு டம்முனு அடிச்சிகினே இருக்கும். ஷிஃப்ட்டு முடிஞ்சி வெளிய வந்தா காதுக்குள்ள தேனீக் கூடு மாதிரி ஒரு ஙொய்யி. அது அடங்கினாத்தான் உண்மையான நம்பரு வரும். இந்த வருஷம் மொத தடவ டெஸ்ட்டு எடுத்தப்ப அந்த ரெஸ்ட்டை யாரும் குடுக்கல. நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சி வந்தவனை அப்டியே வரிசையில நிக்க வெச்சி மாட்டிட்டானுங்க. எத்தினி பேரு அவுட்டு தெரியுமா? அறுவத்தி மூணு பேரு! ஒரு பிரஸ் ஷாப்பே செவிடுன்னு எழுதிட்டானுங்க.

"சரி, பதினாறு மணி நேரம் ரெஸ்ட்டுன்னு ஆச்சா. நேத்து அஞ்சு மணிக்கு வூட்டுக்கு வந்தாரு. கையை இப்டி வாய் மேல வெச்சாரு. 'சார் சொல்லிட்டாரு, சத்தமே கூடாது, பேச்சுகூட கூடாது'ன்னாரு. சரின்னேன். டிவி போடல. என் சீரியல் போச்சு. மிக்ஸி போடல, அதனால சட்னி இல்ல, தயிர் சோறு. குக்கர் வெக்கல, வடிச்ச சோறு. விடியக்காலம் அய்யப்ப சாமிங்க ஸ்பீக்கரை கட்டிருவாங்களே, கார்த்திகை பொறந்துட்ச்சே! ராத்திரியே பஜனை மடத்துக்குப் போயி, சாமி, எங்க வூட்டுக்காரருக்குக் காது டெஸ்ட்டு, ஒரு நாளு ஸ்பீக்கரை அந்தாண்ட திருப்பி வெய்ங்க சாமின்னு... அதையும் சைகையிலதான் சொன்னேன்! ஒரு தடவ பேசாம இருந்தா அப்டியே பழகிப்பூடுது. ராமன் குருசாமி எனக்குத்தான் பேச்சு நின்னு பூட்ச்சுன்னு நெனச்சிட்டாரு. விபூதி பூசி வுட்டு, தேங்கா ஒண்ணு குடுத்து அனுப்பறாரு.

"இங்க வர சொல்லோ ஷேர் ஆட்டோல, எங்காளு காதுல பஞ்சு, பஞ்சுக்கு மேல மஃப்ளரு, மஃப்ளருக்கு மேல ஹெல்மெட்டு. ஆட்டோவுல ஹெல்மெட்டு போட்டுகினு வந்த ஒரே ஆளு அவருதான். டிரைவரு ரெண்டு வாட்டி திரும்பித் திரும்பி பாத்தான், தான் ஓட்டறது அவ்ளோ மோசமான்னு.

"எரியுது பாரு! லைட்டு எரியுது! நல்லா அமுக்கறாரு மனுஷன்.

"ஆனா நெஜத்த சொல்லட்டா? எரியணும்னு வேண்டிக்கறதா, எரியக் கூடாதுன்னு வேண்டிக்கறதான்னே எனக்குத் தெர்ல. சிரிக்கற பாத்தியா. சிரிப்பு இல்ல கண்ணு, இது எங்க வூட்டு பஞ்சாயத்து. நாலு வருஷமா நடந்துகினு கீது.

"நான் சமையக்கட்டுலேர்ந்து கூப்புடுவேன். பதிலு வராது. மறுக்கா கூப்புடுவேன். வராது. மூணாந்தரம் பக்கத்துல போயி நின்னு கத்தினா, 'ஏன்டி கத்தற'ம்பாரு. கேட்டா, 'காதுல விழல'ம்பாரு. நான் வுடுவேனா? கம்பெனில வருஷா வருஷம் டெஸ்ட்டு வெக்கிறாங்களே, ஃபிட்டுன்னு குடுக்கறாங்களே! 'டாக்டரே உனக்குக் காது கேக்குதுன்னு சொல்லிட்டாரு, அப்ப நான் பேசறது மட்டும் கேக்காதா? கேட்டுகினே கேக்காத மாதிரி குந்திகினு கீறியா?' நாலு வருஷம் கண்ணு. அந்த ஃபிட்டை வெச்சே நாலு வருஷம் சண்டை போட்டேன். ஒரு வாட்டி ஒரு வாரம் கொழம்பே வெக்கல. 'கொழம்பு எங்க'ன்னு கேட்டாரு. 'காதுல விழல'ன்னேன்.

"அப்டி இருந்தவருக்கு இந்த வருஷம் அன்ஃபிட்டுன்னு குடுத்துட்டாங்க. வேற யாருன்னா இருந்தா தலையில கைய வெச்சிகினு குந்துவாங்க. இவரு அரை கிலோ ஜாங்கிரி வாங்கிகினு வராரு! 'பாத்தியாடி! எனக்குக் காது கேக்கல! நான் சொன்னேன்ல, கேக்கலன்னு சொன்னேன்ல!' தெருவே எட்டிப் பாக்குது. காது கேக்காததுக்கு ஸ்வீட் குடுத்த ஒரே குடும்பம் பிள்ளைப்பாக்கத்துல எங்களுது.

"ரெண்டு நாளுதான் அந்தக் குஷி. மூணாவது நாளு ஹெச்ஆர் சிவசங்கர் சாரு கூப்ட்டு, மறு டெஸ்ட்டுலயும் அவுட்டுன்னா பிரஸ் ஷாப்புல இருக்க முடியாதுன்னுட்டாரு. அத்தோட ஜாங்கிரி கசந்துட்ச்சு. வேல போவாது, வேற எடம் குடுப்பாங்க. ஆனா இருவத்திரெண்டு வருஷமா அந்த பிரஸ்ஸோட இருந்த மனுஷன். காதுல வெச்சிக்க பஞ்சு மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, வெச்சிக்க மாட்டாரு. வெச்சிகினா பிரஸ்ஸு பேசறது கேக்காதாம். தகட்டை அமுக்கற அச்சு எங்கன்னா விரிசல் வுட்டா அடிக்கிற சத்தத்துலயே சொல்லிருவாராம். பிரஸ்ஸு பேசறது கேக்கும், பொண்டாட்டி பேசறது கேக்காது! அத வுட்டு எடுத்து ஒரு மூலைல அட்டைப் பொட்டி ஒட்ட வெச்சா, அந்த மனுஷன் இன்னாத்துக்கு ஆவாரு? ராத்திரில தூங்கல அவரு. புரண்டுகினே கீறாரு. நான் பேசக் கூடாதே, முதுகைத் தடவிக் குடுத்துகினே இருந்தேன்.

"இப்ப நீயே சொல்லு. பாஸ் ஆனா, பிரஸ்ஸு அவருது. ஆனா நாலு வருஷமா என்னை டபாய்ச்சிகினு இருந்தாருன்னு ஆவுது. ஃபெயில் ஆனா, அவரு உத்தமரு, நான்தான் ராட்சசி. ஆனா பிரஸ்ஸு பூடும். எது வரணும்னு நான் சாமிய கேப்பேன்?

"எரியுது, எரியுது. இம்மாம் வாட்டி எரியுதே... ஹேமந்த் சார் ஏன் தலைய சொறிஞ்சிகினு கீறாரு?

"உன் பாப்பா எவ்ளோ சமத்து! நான் இவ்ளோ நேரமா கத்திகினு கீறேன், ஒரு அசைவு இல்ல பாரு! எங்க பொண்ணு கவரு சரசரன்னாலே முழிச்சிக்கும். இது கல்லு மாதிரி தூங்குது. குடுத்து வெச்சவ நீ... ஏன், இன்னா ஆச்சு? ஏம்மா? ஏன் கண்ணு கலங்குது?"

அம்சவல்லி அன்று முதல் தடவையாக நிறுத்தினார். அந்தப் பெண் குனிந்து, குழந்தையின் காதோரம் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். மின்விசிறிச் சத்தத்தில் அது அம்சவல்லிக்கு மட்டும்தான் கேட்டது.

"...பொறந்தவுடனே டெஸ்ட்டா? ஆஸ்பத்திரிலயேவா? பச்ச மண்ணுக்குமா? ரெண்டு காதும் பாஸ் ஆவலியா... அய்யோ. அய்யோ, நான் ஒருத்தி. வாய வெச்சிகினு சும்மா இருக்கத் தெரியாம, கல்லு மாதிரி தூங்குதுன்னு... அடிச்சிக்கணும் என்ன. பேரு இன்னா உனக்கு? கவியாவா. பாப்பாக்கு? நிலா. ரெண்டாவது மாசமா. அப்ப நீயும் மறு டெஸ்ட்டுதான். பாப்பா நல்லா தூங்கினாத்தான் எடுக்க முடியுமா? சரி, சரி. நான் கிசுகிசுன்னே பேசறேன். பேசாம இருக்கத்தான் முடியாது.

"இந்தா கவியா, கண்ணத் தொட. நான் படிச்சவ இல்ல. ஆனா இந்தக் கோடு வெக்கிற விஷயத்துல ரெண்டு மாசமா அடிபட்டுகினு கீறேன். அதனால சொல்றேன், கேளு.

"எங்க வூட்டாண்ட ரெண்டு நாயி இருந்துச்சு. மொதல்ல இருந்தது கருப்பன். அது குரைக்கவே குரைக்காது. எவன் வந்தாலும் ஒரு கண்ணத் தொறந்து பாக்கும், மூடிக்கும். எங்களுக்கும் நல்ல தூக்கம். ஒரு நாளு காத்தால எழுந்து பாத்தா கெணத்துல மோட்டார காணும். கருப்பன் அங்கயே படுத்துகினு கீது. அப்பால வந்தது ராக்கெட்டு. அது பிளாஸ்டிக் கவரு பறந்தா குரைக்கும். எல அசைஞ்சா குரைக்கும். கம்பெனி பஸ்ஸு லைட்டு அடிச்சா குரைக்கும். ராத்திரி பூரா எழுந்து எழுந்து லைட்டைப் போட்டுப் பாப்போம், ஒருத்தனும் இருக்க மாட்டான். பேஜாரு! ஆனா ராக்கெட்டு வந்த அப்பால ஒரு ஸ்க்ரூகூட காணாம போவல.

"உங்க ஆஸ்பத்திரில பச்ச கொழந்தைக்கு எடுத்தாங்க பாரு, அது ராக்கெட்டு. சும்மா சும்மா குரைக்கத்தான் செய்யும். ஒரு கொழந்தையைக்கூட வுட்ரக் கூடாதுன்னு அப்டி வெச்சிகினு கீறாங்க. பொறந்த கொழந்தைக்குக் காதுல தண்ணி கிண்ணி நின்னாலே பாஸ் ஆவாதாம், நாங்க டைம் கேக்க வந்தப்ப ஹேமந்த் சாரே யாருக்கோ சொல்லிகினு இருந்தாரு. நாயி குரைச்சிதுன்னா திருடன் வந்துட்டான்னு அர்த்தம் இல்ல கண்ணு. எழுந்து லைட்டைப் போட்டுப் பாருன்னு அர்த்தம். இன்னிக்கு நீ லைட்டைப் போட வந்துகீற. அவ்ளோதான்.

"சொம்மா ஆறுதலுக்கு சொல்லல. பென்னலூர்ல பிரசன்னான்னு ஒரு பையன், எங்க பிரஸ் ஷாப்புதான், இருவத்து நாலு வயசு. அறுவத்தி மூணுல அவனும் ஒருத்தன். கல்யாணம் பேசி வெச்சிகினு இருந்தாங்க. பையனுக்குக் காது கேக்காதாமேன்னு பொண்ணு வூட்டுல நிறுத்தி வெச்சிட்டாங்க. அவங்கம்மா எனக்கு போன் போட்டு... அத சொல்ல மாட்டேன், பாப்பா இருக்குது. முந்தா நேத்து அவன் நல்லா தூங்கி எழுந்து வந்து இங்கயே மறு டெஸ்ட்டு குடுத்தான். பதினஞ்சே கேக்குதாம் அவனுக்கு! பூனை இல்ல, எறும்பு நடந்தா கேக்கும். இப்ப அந்தப் பொண்ணு வூட்டுல யோசிச்சி சொல்றோம்னு சொல்றாங்களாம். கோடு மாத்தினவங்க நல்லா இருப்பாங்களா, நீயே சொல்லு!

"இன்னா கேக்கற? அந்தம்மா ஏன் எனக்கு போன் போட்டாங்கன்னா?

"அது... வந்து... கோடு மாத்த சொன்னதே நான்தான்.

"சிரிக்காத! நீயும் சிரிக்கறியா! போன ஜனவரில கம்பெனில குடும்ப விழா வெச்சாங்க. பந்தல் போட்டு, உறியடி வெச்சி, ஆளுக்கொரு டிபன் கேரியர் குடுத்து. மேடையில எம்டி, டாக்டரு எல்லாரும் குந்திகினு கீறாங்க. கேள்வி நேரம்னு மைக்கைக் கீழ அனுப்பினாங்க. எல்லாப் பொம்பளைங்களும் வாயப் பொத்திகினு கீறாங்க. மைக்கு எங்கிட்ட வந்துச்சு. வந்த மைக்கை வுடுவேனா? 'டாக்டர் சார், எங்க வூட்டுக்காரருக்கு வருஷா வருஷம் காது ஃபிட்டுன்னு குடுக்கறீங்க. நான் கூப்ட்டா அவருக்குக் கேக்கல. ரிப்பேரு உங்க மிஷினா, என் புருஷனா?' பந்தலே கை தட்டுது! டாக்டரு எழுந்து, நாப்பதுதான் நம்ம அளவு, அதுக்குள்ள இருந்தா ஃபிட்டுதான்னு இழுத்தாரு. 'அப்ப அளவை மாத்துங்க சார்'ன்னேன். எம்டிக்குக் குஷி வந்துட்ச்சு. மைக்கை வாங்கி, 'அந்தம்மா சொல்றது சரி, இனிமே இருவத்தஞ்சு'ன்னுட்டாரு. மறுபடியும் கை தட்டு. அன்னிக்குக் கை தட்டினவன் அத்தினி பேரும் இன்னிக்கு என்னைத் திட்டிகினு கீறான்.

"ஆனா எல்லாரும் திட்டல. மாரிராஜ்னு ஒருத்தரு, தூத்துக்குடி பக்கம். அவருக்கும் முப்பத்தி சொச்சம். வருஷா வருஷம் ஃபிட்டு. போன மாசத்துக்கு முந்தின மாசம் ஃபோர்க்லிஃப்ட்டு பின்னால வந்துச்சு. பீக் பீக்னு மெல்லிசா கூவுமே, அது அவருக்குக் கேக்கல. நல்ல வேளை, குதிகால்ல தையலோட போச்சு. நாப்பதுன்னு கோடு போட்டு அந்தாள ஃபிட்டுன்னு அனுப்பிகினே இருந்தாங்களே, அது கருப்பன் பண்ண வேல. அவரு சம்சாரம் கோயில்ல என் கையப் புடிச்சிகினு, 'எக்கா, நீங்க கேட்ட கேள்விய மூணு வருஷம் முந்தியே கேட்டிருக்கக் கூடாதா'ன்னுச்சு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து பிரசன்னாவோட அம்மாவ நெனச்சேன், இவங்கள நெனச்சேன். ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் கீது. கோட்டை எங்க வெச்சாலும் யாரோ ஒருத்தி எங்கிட்ட சண்டைக்கு வருவா போல.

"தோ, சார் எழுந்துட்டாரு. டெஸ்ட்டு முடிஞ்சி பூட்ச்சா? கதவைத் தொறக்கறாரு... இன்னா சார், இன்னா நம்பரு? லைட்டு சும்மா எரிஞ்சிகினே இருந்துச்சே, நான் பாத்துகினுதான் இருந்தேன்.

"இன்னாது? சத்தமே வுடாதப்பவும் அமுக்கினாரா? அது எப்டி சார்... நான் பேசறதா? இந்த செவுத்துக்குள்ளாறயா? நான் பேசப் பேச அமுக்கறாரா?

"அப்ப... என் பேச்சு கேக்குதா அவருக்கு? பலகை போட்டு அடைச்சி, கதவைச் சாத்தி, ஹெட்போனும் மாட்டினப்பால கேக்குதா? சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல கதவே இல்ல சார் எங்க வூட்டுல!

"இருங்க சார். டெஸ்ட்டு செல்லாதா? இன்னொரு வாட்டி வரணுமா? திரும்பவும் பதினாறு மணி நேரமா? அய்யய்யோ சார், என்னால ஆவாது. நேத்துலேர்ந்து வாயே தொறக்கல சார் நானு. பேச்சுகூட கூடாதுன்னு நீங்கதான சொல்லி அனுப்பினீங்க?

"சொல்லலியா?

"மிஷின் சத்தம், ஹாரன், ஸ்பீக்கர், அவ்ளோதானா? வூட்ல பேசிக்கலாம்னு சொன்னீங்களா? யாருகிட்ட சொன்னீங்க? இவருகிட்டயேவா?

"யோவ்!"

அந்த 'யோவ்' மாடிப்படி இறங்கி, கீழே இருந்த செல்போன் கடைவரை போனது. கடைக்காரர் தலையை நீட்டி மேலே பார்த்ததாகப் பின்னால் சொன்னார். உள்ளே ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்த பாண்டுரங்கன், கையில் இருந்த பட்டனை இன்னொரு தடவை அமுக்கிவிட்டார். மேசையில் விளக்கு எரிந்தது.

அதே நொடியில் கவியாவின் மடியில் இருந்த குழந்தை இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது. கண் திறந்தது. உதடு பிதுங்கியது. பிறகு அழுகை.

கவியா குழந்தையைப் பார்த்தார், அம்சவல்லியைப் பார்த்தார், மறுபடி குழந்தையைப் பார்த்தார். அழுகிற குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். இரண்டு மாதமாகத் தட்டு விழுந்தாலும் கதவு அடித்தாலும் அந்த முகத்தையே பார்த்துப் பார்த்துக் கழித்தவர் அவர்.

"பயந்துட்ச்சா கண்ணு? பயந்துட்ச்சா என் தங்கம்? இந்தக் கெழவி கத்தினது கேட்டுச்சா? கேட்டுச்சே! சார், பாத்தீங்களா, கேட்டுச்சு! இதுக்குப் போயி இன்னா மிஷினு... இன்னா? இது டெஸ்ட்டு இல்லியா? சரி சார், நீங்க உங்க லைட்டைப் போட்டுப் பாருங்க. பாக்கத்தான் வேணும். ஒரு சத்தத்துக்குத் துள்ளினதை வெச்சி எழுத முடியாது, அதானே? புரியுது. ஆனா கவியாவுக்கு இன்னிக்கு சோறு எறங்கும்ல, அத எழுதிக்கோங்க.

"நீ வாய்யா வெளிய. வா. மூஞ்சியப் பாரு. கேக்குதா உனக்கு? இப்ப சொல்லு. கேக்குதா, இல்லியா? இவருகிட்ட கேட்டா தலைய ரெண்டு பக்கமும் ஆட்டறாரு. சார், நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒரு வார்த்தைல சொல்லுங்க, ஆமாவா இல்லியா?

"...கேக்குது, ஆனா கேக்கலியா? அது இன்னா சார் பேச்சு? மெதுவா சொல்லுங்க. தடிச்ச சத்தம் கேக்குது. மெல்லிசு சத்தம் கேக்கல. பிரஸ்ஸு சத்தத்துல மொதல்ல பூடறது அந்த மெல்லிசுதானா. அதனால நான் பேசறேன்னு இவருக்குத் தெரியும். இன்னா பேசறேன்னு பாதிதான் தெரியும். அதுவும் தண்ணி கொட்டற சத்தம், பாத்திரம் கழுவற சத்தம் நடுவுல சுத்தமா தெரியாது.

"பாதியா?

"எந்தப் பாதி சார்? அத உங்க மிஷினு சொல்லுமா?

"...யோவ். இத ஏன்யா நீ சொல்லல? கேக்குது, புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல. நாலு வருஷம்யா. கொழம்பு வெக்காம வேற வுட்டேன். சொன்னியா? எப்ப சொன்ன? நான்தான் வுடலியா, சொல்றதுக்கு?"

பாண்டுரங்கன் என்ன சொன்னார் என்பது அங்கே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அம்சவல்லிக்குக் கேட்டது. அவர் ஹெல்மெட்டை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார், மஃப்ளரைச் சரிசெய்துவிட்டார்.

"சரி, வா. கீழ போயி நிப்போம். பாப்பா மறுபடி தூங்கணும்ல, நான் இங்க இருந்தா அது நடக்காது. கவியா, போய்ட்டு வரேன் கண்ணு. அந்த செவுத்துல மட்டும் சாயாத. சார், அந்தக் கதவு ரப்பரை மாத்துங்க."

படியில் இறங்கும்போது அவர் கணவருக்கு முன்னால் போய், திரும்பி நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினார். டீ குடிக்கலாமா என்றுதான் கேட்டார். பாண்டுரங்கன் முதல் தடவையே தலையாட்டினார்.

குழந்தை நிலா பதினொன்றரைக்கு மறுபடி தூங்கியது. பரிசோதனையில் இரண்டு காதும் தேறின. பாண்டுரங்கனுக்கு நவம்பர் 22, சனிக்கிழமை, மூன்றாம் முறையாகப் பரிசோதனை நடந்தது. அம்சவல்லி தெருவில் நின்றிருந்தார். வந்த எண் முப்பத்தாறு. அறுபத்து மூன்று பேரில் நாற்பத்தொன்பது பேர் பிரஸ் ஷாப்புக்குத் திரும்பினார்கள். மீதிப் பதினாலு பேரில் பாண்டுரங்கனும் ஒருவர். அவரை அச்சு பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். விரிசல் விட்ட அச்சுகள் இப்போது அவர் மேசைக்கு வருகின்றன. முதல் பரிசோதனையின் அளவு இருபத்தைந்தாகவே இருக்கிறது. ஓய்வு கொடுத்து எடுக்கும் இரண்டாவது பரிசோதனை இல்லாமல் யாரையும் மாற்றக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள்.

2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையில் குடும்ப விழா நடந்தது. கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லை.